தரைக்குக் கீழே ஒரு குளிர்காலம்

லடாக்கில் புது வீடு கட்டுகிறவர்கள் சுவரையும் சன்னலையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். குளிர் ஏறுவதோ காலடியிலிருந்து. மண் உறைவதற்குமுன் சில நாள் வேலையில் முடிகிற காரியம் அது. தவறவிட்டால் அடுத்த குளிர்காலங்கள் அத்தனையிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

அக்டோபர் பாதி கடந்துவிட்டால் லே நகரில் எல்லோருக்கும் அவசரம். பாப்லர் மரங்கள் மஞ்சளாகி இலை உதிர்க்கின்றன. ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கதவை அடைக்கின்றன. பீகார், ஜார்க்கண்ட், நேபாளத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் ஊர் திரும்பும் நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். வீடு கட்டுகிறவரின் கவலை வேறு. சுவர் எழும்பிவிட்டது, கூரையும் முடியப்போகிறது, ஆனால் தரை போடவில்லை. ஆட்கள் கிளம்புவதற்குள் எப்படியாவது கான்கிரீட் கொட்டி முடித்துவிட வேண்டும். சுவர்களுக்கு நடுவே அவசர அவசரமாக மண் நிரப்பப்படுகிறது. ஈர மண்ணா, அதில் மரத்துண்டும் வைக்கோலும் கலந்திருக்கின்றனவா, காலையில் கட்டிதட்டிப் போயிருந்ததா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. எப்படியும் மேலே தளம் மூடிவிடும்.

மூடிவிடுகிறது. டிசம்பர் கடைசியில் இரவு வெப்பம் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும்போதுதான் மூடிவைத்தது என்ன என்று தெரியவருகிறது. எவ்வளவு விறகு எரித்தாலும் தரை சூடாவதில்லை. கம்பளத்தின்மேல் கம்பளம் விரித்தும் பாதம் மரத்துப்போகிறது. மூலையில் பூஞ்சை படர்கிறது. ஒரு காலைப்பொழுதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. வசந்தத்தில் பனி இளகும்போது தரையில் கோடு விழுகிறது, கதவு நிலையில் இடிக்கிறது.

வீட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தை யாரும் விருந்தாளிக்குக் காட்டுவதில்லை. அதனாலேயே அது கடைசிக் கவலையாகிவிடுகிறது. குளிர் நாடுகளில் அது முதல் கவலை. அமெரிக்காவில் ஏராளமான வீடுகள் தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஆள் தவழ்ந்துபோகும் அளவு வெற்றிடம் விட்டுக் கட்டப்படுகின்றன. 'கிரால் ஸ்பேஸ்' என்பது அதற்குப் பெயர். கட்டுமானம் குளிர்காலத்தில் நடந்தால் அந்த இடத்தை எப்படி உலர்த்துவது, எப்படி உறையாமல் காப்பது என்பது அங்கே தனிப் பாடம். இந்தியாவின் இமயமலைப் பகுதிகளுக்கும் அந்தப் பாடம் புதிதல்ல. அவர்கள் அதை வேறு வடிவில் அறிந்திருந்தார்கள். இடையில் மறந்துவிட்டார்கள் என்பதுதான் சங்கதி.

மாடு தந்த கதகதப்பு

பழைய லடாக்கி வீட்டில் மனிதர்கள் மண்ணுக்கு நேர்மேலே குடியிருக்கவில்லை. கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கும் தீவனத்துக்கும் உரியது. அதற்கு மேலேதான் குடும்பம். கீழே கட்டியிருக்கும் கால்நடைகளின் உடல் சூடு மரத் தளத்தின் வழியே மேலேறும். அடுக்கிய வைக்கோலும் காய்ந்த சாணமும் குளிரைத் தடுக்கும். வெயிலில் உலர்த்திய மண் செங்கல் சுவர், பாப்லர் உத்தரம், அதன்மேல் வில்லோக் குச்சிகள், புல், மண் என்று அடுக்கடுக்கான கூரை. குளிர் முற்றும்போது குடும்பம் முழுவதும் அடுப்பு எரியும் ஒரே அறைக்குள் சுருங்கிக்கொள்ளும்.

இமாசலப் பிரதேசத்தின் மலைக் கிராமங்களிலும் இதே கணக்குதான். கல்லும் தேவதாரு மரமும் மாறிமாறி அடுக்கிய 'காட் குணி' வீடுகளில் கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே தரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தையே அடுப்பாக்கினார்கள். 'ஹமாம்' எனப்படும் அறையின் தரை கற்பலகைகளால் ஆனது. அந்தப் பலகைகள் சிறு தூண்களின்மேல் நிற்கின்றன. கீழே உள்ள வெளியில் வெளிப்புறத்திலிருந்து விறகு எரிக்கிறார்கள். கல் மெல்லச் சூடேறிப் பல மணி நேரம் கதகதப்பைப் பிடித்துவைத்திருக்கும். அடுப்பின்மேல் பதித்த செப்புப் பாத்திரத்தில் வெந்நீரும் கிடைத்துவிடும். மசூதிகளில் பொது ஹமாம் உண்டு. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரான 'சில்லை கலான்' பருவத்தில் ஊர்க்கதை முழுக்க அங்கேதான் நடக்கும். 2024 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஓர் இரவு மைனஸ் 8.5 டிகிரி வரை போனது. அரை நூற்றாண்டில் அந்த மாதம் அங்கே கண்டிராத குளிர். மின்வெட்டும் சேர்ந்துகொண்ட அத்தகைய இரவுகளில், விறகில் சூடேறும் கல் தரையின் அருமை தெரியும்.

மாட்டைக் கட்டினாலும் நெருப்பை மூட்டினாலும் நோக்கம் ஒன்றுதான்: கீழே இருக்கும் இடம் குளிராக இருக்கக் கூடாது.

கான்கிரீட் வந்த கதை

2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவு லே பகுதியில் மேகம் வெடித்தது. ஆண்டு முழுவதற்கும் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே காணும் பூமி அது. சேற்று வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண் வீடுகள் கரைந்து சரிந்தன. மண் சுவரின்மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும் அன்றோடு ஆட்டம் கண்டது. சுற்றுலாப் பணம் ஏற்கெனவே சிமெண்டைக் கொண்டுவந்திருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கான்கிரீட்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் வலுப்பட்டது. 2019 அக்டோபர் 31-ல் லடாக் யூனியன் பிரதேசமான பிறகு கட்டட வேலை இன்னும் சூடுபிடித்தது.

வெள்ளத்துக்குக் கான்கிரீட் பதில் சொல்லலாம். குளிருக்குச் சொல்லாது. மண் செங்கல்லைவிட அது வெப்பத்தை வேகமாகக் கடத்தும். பழைய வீட்டின் மாட்டுத் தொழுவமும் புது வரைபடத்தில் இல்லை. வரவேற்பறை தரைத்தளத்துக்கு இறங்கிவந்துவிட்டது. மாடு இருந்த இடத்தில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கீழே வெறும் மண்.

வேலை செய்யக் கிடைக்கும் காலமோ மே முதல் அக்டோபர் வரை. சாமான்கள் மலைக் கணவாய்களைத் தாண்டி வர வேண்டும். 2020-ல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதையும் 2025 ஜனவரியில் திறந்த சோனாமர்க் சுரங்கப் பாதையும் வழியைச் சுலபமாக்கியிருக்கின்றன. பருவத்தை அவை நீட்டித்துவிடவில்லை. எனவே எது கடைசியில் வருகிறதோ அது குளிரில் சிக்குகிறது. பெரும்பாலும் கடைசியில் வருவது தரை.

எதிரி தண்ணீர்

தென்னிந்தியாவில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். பேஸ்மட்டத்தில் மணலையோ கிராவலையோ நிரப்பி, தண்ணீர் விட்டு நன்றாக இறுகச் செய்து, திமிசு போட்டுப் பிறகு தளம் போடுவார்கள். சென்னையிலோ மதுரையிலோ அது சரியான முறை. லேயில் அக்டோபர் மாதத்தில் அதையே செய்வது வினையை விலைக்கு வாங்குவது.

காரணம் எளிது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. ஆபத்து அதோடு நிற்பதில்லை. வண்டல் கலந்த நுண்மண்ணில் உறையும் பகுதி கீழேயுள்ள ஈரத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் தகடு தகடாகப் பனி வளரும். அது மேலே இருப்பதைத் தூக்கும். தரையை மட்டுமல்ல, சில சமயம் அஸ்திவாரத்தையே. வசந்தத்தில் இளகும்போது மண் சேறாகி அமுங்கும். தூக்கிய அளவும் அமுங்கும் அளவும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. அதுதான் விரிசல்.

லடாக்கின் மண் பொதுவாக வறண்டது என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் வயல்களை வெட்டி மனையாக்கிய இடங்களில் பாசன வாய்க்கால் அருகிலேயே ஓடுகிறது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் குழி வந்துவிட்டது. ஈரம் இல்லாத மண் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. குடியிருக்கும் வீட்டைவிடப் பாதியில் நிற்கும் வீட்டுக்குத்தான் உறைபனியால் ஆபத்து அதிகம். அடுப்பெரியும் வீட்டின் சூடு சிறிதளவேனும் கீழே கசிந்து அடிமண்ணை உறையாமல் காக்கும். ஆளில்லாத, கதவு வைக்காத, தரை போடாத வீட்டுக்கு அந்தக் காவலும் இல்லை. வெளியே இருந்தும் உள்ளே இருந்தும் குளிர் அஸ்திவாரத்துக்குக் கீழே இறங்கும். 'அடுத்த மே மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அப்படியே விட்டுப்போகிறவர்கள் மே மாதத்தில் பார்ப்பது வேறு வீட்டை.

அக்டோபர் வேலைகள்

என்ன செய்ய வேண்டும்? பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வரிசை தவறாமல் செய்வதுதான் முக்கியம்.

முதலில் தண்ணீர். கூரையிலிருந்து வழிவதும் வாய்க்காலிலிருந்து கசிவதும் சுவரை விட்டு விலகி ஓடும்படி வீட்டைச் சுற்றி நிலத்தைச் சரிவாக்க வேண்டும். உள்ளே தேங்கிய நீரையோ விழுந்த பனியையோ அள்ளி வெளியே கொட்ட வேண்டும். உள்ளேயே உருக விட்டால் அது மண்ணுக்குள்தான் போகும்.

அடுத்தது சுத்தம். தரையடியில் புல், வேர், சென்ட்ரிங் பலகைத் துண்டு, சிமெண்ட்ச் சாக்கு எதுவும் இருக்கக் கூடாது. அவை மட்கிக் குழியாகும், பூஞ்சைக்கும் எலிக்கும் இடம் தரும். நிரப்பும் மண்ணில் உறைந்த கட்டி ஒன்றுகூட வேண்டாம். இரும்புபோல உறுதியாகத் தெரியும் அந்தக் கட்டி இளகும்போது உள்ளே ஓட்டை விழும். ஏற்கெனவே உறைந்துபோன தரைமேல் கான்கிரீட் போடவே கூடாது. இளகச் செய்து, உலர்த்தி, திமிசு போட்ட பிறகே போட வேண்டும். கடைசி அடுக்காகப் பருமனான சரளைக்கல் பரப்புவது நல்லது. சரளை ஈரத்தை மேலே உறிஞ்சுவதில்லை.

மூன்றாவது, பிளாஸ்டிக் விரிப்பு. கண்ணுக்கு உலர்ந்து தெரியும் மண்ணும் ஓயாமல் ஆவி விடுகிறது. அந்த ஆவி மரத் தளத்தின் அடியில் குளிர்ந்து நீராகி மரத்தை அரிக்கும். குறைந்தது 0.15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாலித்தீன் விரிப்பை ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரித்து, ஓரங்களைச் சுவரில் சற்று மேலேற்றி ஒட்ட வேண்டும். கட்டட வேலையிலேயே மலிவான சாமான் இதுதான். முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

நான்காவது, குளிர்காப்பு. பலரும் தரையின் நடுப்பகுதியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் சூடு அதிகம் கசிவது ஓரங்களில். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். லேயில் அது பூஜ்யத்துக்கு மேல் சில டிகிரி. அதாவது வீட்டின் நடுவே அடிமண் வெளிக்காற்றைவிட எவ்வளவோ தேவலாம். வெளிக்காற்றுக்கு அருகில் இருக்கும் சுவரடி ஓரம்தான் உயிரை எடுக்கும். அஸ்திவாரச் சுவரின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ, நிலமட்டத்துக்குக் கீழே வரை ஈரம் உறிஞ்சாத கெட்டித் தெர்மோகோல் பலகை பதிப்பது ஒரு வழி. மரத் தளமாக இருந்தால் சட்டங்களுக்கு இடையே நன்கு உலர்ந்த மரச்சீவலையோ வைக்கோலையோ திணிப்பது உள்ளூர் வழி. கீழே பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் வைக்கோல் வைத்தால் அது ஈரத்தைக் குடித்து, காப்புக்குப் பதில் குப்பையாகிவிடும்.

தரையடியில் வெற்றிடம் விட்டுக் கட்டியவர்கள் அதன் காற்றுத் துவாரங்களைக் கோடையில் திறந்து, உறைபனிக்கு முன் அடைக்க வேண்டும். துவாரம் திறந்திருந்தால் அந்த வழியே போகும் தண்ணீர்க் குழாய்தான் முதல் பலி. குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைத்து, சூடான அறைக்குள் நேராக மேலேற்றுவதே உத்தமம்.

பாதியில் நிற்கும் வீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். அஸ்திவாரத்தின் இருபக்கமும் மண்ணை அணைத்து, அதன்மேல் தடிமனாக வைக்கோல் பரப்பி, காற்றில் பறக்காதபடி தார்ப்பாயால் மூடிவைத்தால் குளிர் இறங்கும் ஆழம் வெகுவாகக் குறையும்.

கான்கிரீட்டுக்கும் குளிர் உண்டு

வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் கான்கிரீட் வேலைக்கு விதிகள் மாறுகின்றன. இந்திய தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே ஐஎஸ் 7861 என்ற விதித்தொகுப்பின் இரண்டாம் பகுதியை 1981-லேயே வெளியிட்டது. சிமெண்ட் இறுகுவது ஒரு ரசாயன வினை. குளிர் கூடக்கூட அது மந்தமாகி, உறைநிலைக்கு அருகே ஏறத்தாழ நின்றுவிடும். போட்ட முதல் நாளிலேயே உள்ளிருக்கும் நீர் உறைந்துவிட்டால் கான்கிரீட் தன் பலத்தில் பாதிவரை இழக்கக்கூடும். பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் அந்தப் பலம் திரும்பாது. மேற்பார்வைக்கு எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை.

இதற்குப் பரிகாரமும் சாதாரணமானதே. சிமெண்டைச் சூடாக்கக் கூடாது. தண்ணீரைச் சூடாக்கலாம். ஆனால் கொதிநீர் நேராகச் சிமெண்டில் பட்டால் கலவை உடனே கட்டிதட்டிவிடும். எனவே வெந்நீரை முதலில் ஜல்லியிலும் மணலிலும் கலந்து, வெப்பம் தணிந்த பிறகே சிமெண்டைச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்கி நண்பகல் தாண்டியதும் முடித்துவிட வேண்டும். மாலைக்குள் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் தார்ப்பாய். சில நாள்களுக்கு இரவில் இந்தப் போர்வை விலகக் கூடாது. தென்னிந்தியப் பழக்கத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி நனைப்பது இங்கே ஆகாது. சீக்கிரம் இறுகட்டும் என்று குளோரைடு உப்பு கலப்பவர்கள் உண்டு. அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

இன்னொரு பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. புதுத் தளம் உறையாமல் இருக்க, மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ எரியவிட்டு, தொழிலாளர்களும் அங்கேயே படுத்துக்கொள்வது. எரியும் புகையிலுள்ள கரியமில வாயு புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பைக் கெடுத்து, காலமெல்லாம் தூசு உதிரும் தரையாக்கிவிடும். அது சிறிய நஷ்டம். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் விழிப்பதில்லை.

பனிக்கண்டத்தில் கற்றது

வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய அரசின் அனுபவமே ஒன்று உண்டு. அன்டார்க்டிகாவில் நாட்டின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி 1983-84-ல் பனித்தட்டின்மேல் எழுப்பப்பட்டது. ஆண்டுக்காண்டு பனி குவிந்து அது மெல்லப் புதைந்தது. 1990-ஐ ஒட்டி நிலையப் பணி கைவிடப்பட்டது. அடுத்து வந்த மைத்ரி நிலையத்துக்குப் பாறை நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டு, எஃகுக் கால்களின்மேல் கட்டடம் தூக்கி நிறுத்தப்பட்டது. 2012-ல் செயல்படத் தொடங்கிய பாரதி நிலையமும், கப்பல் கன்டெய்னர்கள் 134-ஐ இணைத்து, கால்களின்மேல்தான் நிற்கிறது. அடியில் காற்று தடையின்றி ஓடினால் பனி குவியாமல் அடித்துச் செல்லப்படும்.

லே வீட்டின் அடியில் காற்றை அடைக்க வேண்டும், அங்கே திறந்துவிட வேண்டும். விதி இடத்துக்கு இடம் மாறும். ஆனால் இரண்டு இடத்திலும் அந்தக் கேள்விக்குக் கட்டும்போதே விடை காண வேண்டும்.

லேக்கு அருகே ஃபே கிராமத்தில் அப்படி விடை கண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. 1988-ல் தொடங்கிய செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகம் அது. கட்டடம் தெற்கு நோக்கி நிற்கிறது. சுவர்கள் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. பகல் வெயிலைக் கண்ணாடி வழியே உள்ளே வாங்கி, தடித்த சுவரிலும் தரையிலும் சேமித்து இரவில் செலவழிக்கிறது. வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போதும் விறகு எரிக்காமலே மாணவர்கள் உள்ளே படிக்கிறார்கள். மண் கட்டடக் கலைக்கான சர்வதேச டெர்ரா விருது 2016-ல் இதற்குக் கிடைத்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஜெரெஸ் அமைப்பு உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து கிராமத்து வீடுகளுக்கும் இதே தத்துவத்தைக் கொண்டுபோனது. ஆண்டில் 300 நாள்களுக்கு மேல் வெயில் காயும் பூமியில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. வந்த சூட்டை ஒழுகவிடாமல் பிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. காப்பில்லாத தரை, ஓட்டைக் குடம்.

யார் கொடுக்கும் விலை?

இதெல்லாம் வசதியைப் பற்றிய பேச்சு அல்ல. தரை குளிர்ந்தால் அடுப்பு அதிக நேரம் எரிய வேண்டும். விறகும் சாணமும் சேர்ப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. புகையைச் சுவாசிப்பது அவர்களும் குழந்தைகளும் முதியவர்களும். வசதி உள்ளவர் ஹீட்டர் வாங்குகிறார். குளிர் நுழையும் இடம் தெரியாமல் சன்னலையும் கதவிடுக்கையும் அடைக்கிறார். அடைத்த அறையில் நெருப்பு எரிகிறது. 2025 ஜனவரி தொடக்கத்தில் ஸ்ரீநகரின் புறநகரில் வாடகை வீட்டில் இருந்த ஒரு தம்பதியும் மூன்று குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். குளிருக்காக இயக்கிய சாதனம் காரணமாகலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. இத்தகைய செய்தி வராத குளிர்காலம் மலைப் பகுதிகளில் அரிது.

அந்த அறைகளின் தரைக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆனால் காலடியில் குளிரைத் தடுத்த வீட்டில் அடுப்பைச் சீக்கிரம் அணைக்கலாம். படுக்கப்போகும்போது சன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைக்கலாம்.

லேயில் அக்டோபரின் கடைசி லாரி சிமெண்ட் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரர் தம் மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய கேள்வி தரைக்கு என்ன டைல்ஸ் என்பதல்ல, அதற்குக் கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்பது. தளம் மூடிய பிறகு அந்தக் கேள்வியை அவருக்குப் பதிலாக ஜனவரி கேட்கும்.